கோவிட் முதியவர்களின் நோயா?

2020 மார்ச் 17 அன்று மலேசியாவில் கோவிட்-19 முதல் இரண்டு உயிர்களைப் பறித்தது. ஒருவர் கூச்சிங்கைச் சேர்ந்த 60 வயது பாதிரியார். மற்றவர் ஜொகூர் பாரு பெர்மாய் மருத்துவமனையில் இறந்த 34 வயது ஆடவர். வயதைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளை இவ்விருவரையும் மனத்தில் வைத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: “வயசானவங்களுக்குத்தான் ஆபத்து. நமக்கு ஒன்னும் ஆகாது.”

உண்மை: இளையோருக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமலில்லை. இனிப்புநீரும் உடல் பருமனும் இருந்தால் அது இன்னும் கூடும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. மற்ற இனத்தவரைவிட இது அதிகம். நம் வீட்டு இளையவர்கள் அலட்சியமாக இருக்க முடியாது.

நம்பிக்கை: “சாவுக்கு வயசு கிடையாது. முப்பதும் எழுபதும் ஒன்னுதான்.”

உண்மை: தடுப்பூசி வருமுன் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிய ஆய்வொன்று, தொற்றியவர்களில் எத்தனை பேர் இறந்தனர் என்று கணித்தது. 25 வயதில் 10,000 பேருக்கு ஒருவர். 55 வயதில் 1,000 பேருக்கு 4 பேர். 75 வயதில் 46 பேர். 85 வயதில் 150 பேர். 60 வயதில் திடீரென முளைக்கும் ஆபத்தல்ல இது. ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போகிறது. புதிய கிருமியை எதிர்கொள்ளும் உடலின் திறன் வயது ஏற ஏறத் தளர்வது முக்கியக் காரணம்.

நம்பிக்கை: “எந்தக் கொள்ளைநோயும் முதியோரைத்தான் கொல்லும்.”

உண்மை: 1918 இன்ஃபுளுவென்சா 20 முதல் 40 வயதுக்குட்பட்டோரைப் பெருமளவில் பலிகொண்டது. 2009 எச்1என்1 காய்ச்சலிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டாதவர்கள். முன்பு பரவிய ஒத்த கிருமிகளால் முதியோர் பலருக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கோவிட்டின் கணக்கை அடுத்த நோய்க்கு அப்படியே போட்டுவிட முடியாது.

நம்பிக்கை: “இந்த வயசுல எனக்கு எதுக்கு ஊசி?”

உண்மை: ஆபத்து மிகுந்தவருக்கே ஊசியால் பலன் மிகுதி. அதனால்தான் முன்களப் பணியாளர்களுக்கு அடுத்து, 2021 ஏப்ரலில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 60 வயதைக் கடந்தோருக்கு முன்னுரிமை தரப்பட்டது.

வயதை மாற்ற முடியாது. மற்றவை நம் கையில் உள்ளன. அப்பாவையும் பாட்டியையும் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கேயே உங்கள் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.