கொலம்பியாட் விண்கலம் அல்ல

அன்புள்ள மதிவாணனுக்கு,

கட்டுரை தபாலில் வந்து சேர்ந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆறாம் பக்கம் மட்டும் வாத்தியாரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. 'ஜூல் வெர்ன் கற்பனை செய்த கொலம்பியாட் என்னும் விண்கலம்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். ஒரே வரியில் இரண்டு பிழை. கொலம்பியாட் விண்கலம் அல்ல, பீரங்கி. அதை வெர்ன் கற்பனை செய்யவும் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் ஜார்ஜ் பாம்ஃபோர்ட் என்ற அதிகாரி அந்த வகைப் பீரங்கியை வடிவமைத்தது 1811இல். வெர்ன் பிறந்தது 1828இல்.

பெயரின் கதை இன்னும் வேடிக்கை. ஜோயல் பார்லோ என்ற அமெரிக்கக் கவிஞர் 1807இல் 'தி கொலம்பியாட்' என்று நீண்ட காவியம் ஒன்றை அச்சிட்டார். இன்று அதைப் படிப்பவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஒரு விடுமுறையில் இந்த வாத்தியார் முயன்று, பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்தது தனிக்கதை. பீரங்கிக்குப் பெயர் அந்தக் காவியத்திலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. பாம்ஃபோர்ட் பின்னாளில் மணந்தது பார்லோவின் மைத்துனியை. பார்லோவின் வாஷிங்டன் வீடும் அவர் கைக்கே வந்தது. காவியம் மறைந்தாலும் அதன் பெயர் கடற்கரைக் கோட்டைகளில் இரும்பாக நின்றது.

1844 வாக்கில் எட்டு அங்குலம், பத்து அங்குலம் வாயகலத்தில் பெரிய கொலம்பியாட்கள் வந்தன. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலைத் தூரத்திலேயே அடிப்பதுதான் அவற்றின் வேலை. சிக்கல், பெரிய பீரங்கி எதிரியைவிடச் சொந்த ஆட்களை அதிகம் பயமுறுத்தியதுதான். அதே 1844 பிப்ரவரியில் பிரின்ஸ்டன் என்ற போர்க்கப்பலில் 'பீஸ்மேக்கர்' என்ற ராட்சதப் பீரங்கி வெடித்துச் சிதறி, அமெரிக்க வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் அங்கேயே இறந்தார்கள். ஜனாதிபதி டைலர் கீழ்த்தளத்தில் இருந்ததால் தப்பினார். சமாதானம் செய்பவன் என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்வது!

இங்கேதான் தாமஸ் ராட்மேன் வருகிறார். உன் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அது மூன்றாவது பிழை.

அதுவரை பீரங்கியைக் கெட்டியான தூண்போல வார்த்து, ஆறியபின் நடுவில் குடைந்தெடுப்பார்கள். உருகிய இரும்பு வெளிப்புறத்தில் முதலில் ஆறி இறுகிவிடும். உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிய வெளிச்சுவர் அதை விடாமல் பிடித்து இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உள்ளேயே பிறக்கும். வெடிமருந்தின் முழு அடியும் விழுகிற இடமோ அந்த உட்சுவர்தான்.

ராட்மேன் இதைத் தலைகீழாக்கினார். அச்சின் நடுவே உள்ளீடற்ற ஒரு குழாயை நிறுத்தி, அதைச் சுற்றி இரும்பை ஊற்றினார். குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அச்சுக்கு வெளியே நெருப்பு மூட்டி வெளிப்புறத்தைச் சூடாகவே வைத்தார். உள்சுவர் முதலில் இறுகியது. பிறகு ஒவ்வொரு அடுக்காக வெளிப்புறம் ஆறிச் சுருங்கி, உள்சுவரை நாலாபுறமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறாயா? பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையத்தை மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். வளையம் சுருங்கிச் சக்கரத்தைக் கவ்வும். அதே சங்கதிதான். நம் கொல்லருக்குத் தெரிந்ததை ராட்மேன் வார்ப்பிரும்பின் வயிற்றுக்குள்ளேயே செய்து காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிக அழகான தொழில்நுட்ப யோசனை எதுவென்று கேட்டால், நீராவி எஞ்சின்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, அந்தத் தண்ணீர்க் குழாய்தான் என்று இந்த வாத்தியார் சாதிப்பார்.

ராணுவம் உடனே ஏற்கவில்லை. ராட்மேன் 1847இல் காப்புரிமை பெற்று, பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ட் பிட் என்ற தனியார் பவுண்டரியின் உதவியோடு சோதித்தார். பழைய முறையில் ஒன்று, புதிய முறையில் ஒன்று என ஜோடியாக வார்த்து, வெடித்துச் சிதறும்வரை சுட்டுப் பார்த்தார்கள். புதிய முறைப் பீரங்கி பல மடங்கு தாங்கியது. அப்படியும் அரசு சம்மதிக்க 1859 ஆயிற்று. 1864இல் அதே பவுண்டரியில் 20 அங்குல வாயகலப் பீரங்கி ஒன்றை வார்த்தார்கள். எடை சுமார் 52 டன். ஒரு குண்டு மட்டும் ஏறக்குறைய 490 கிலோ. நியூயார்க்கைக் காக்க ஹாமில்டன் கோட்டைக்குப் போன அது எதிரியை நோக்கி ஒருமுறைகூடச் சுடவில்லை. இன்று புரூக்ளினில் ஒரு பூங்காவில், வெரசானோ பாலத்தின் அருகே, கொழுத்த சோடா பாட்டில் போலப் படுத்திருக்கிறது.

'அப்படியானால் வீண்தானே' என்று கேட்பாய். மால்டாவில் ரினெல்லா கோட்டையில் நூறு டன் ஆம்ஸ்ட்ராங் பீரங்கி இருக்கிறது. அதுவும் எந்த எதிரியையும் சுட்டதில்லை. இத்தாலி அதே ரகத்தைத் தன் கப்பல்களுக்கு வாங்கியதும், பிரிட்டன் பதறிப்போய் மால்டாவிலும் ஜிப்ரால்டரிலும் நிறுத்தியது. கடற்கரைப் பீரங்கி என்பது வாசலில் கட்டிய நாய். யாரையும் கடிக்கவில்லையே என்று வருத்தப்படுவார் உண்டா?

சரி, வெர்ன். 'பூமியிலிருந்து சந்திரனுக்கு' 1865இல் வெளிவந்தது. அதில் ராட்மேன் பெயர் நேரடியாகவே வருகிறது. பால்டிமோர் பீரங்கிச் சங்கத்தார் 900 அடி நீளக் கொலம்பியாடை ஃபுளோரிடாவில் தம்பா அருகே நிலத்துக்குள் செங்குத்தாக வார்க்கிறார்கள். 68,000 டன் இரும்பு. கணக்கெல்லாம் உண்மைப் பீரங்கிகளை ஊதிப் பெருக்கியது. ஆனால் வார்த்து முடித்ததும் தானாக ஆறட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, ஐயா வெர்ன்? ராட்மேனைப் படித்தவர் முக்கியமான இடத்தில் கோட்டை விட்டுவிட்டார். பயணிகள் பிழைத்ததும் கதையில்தான். அந்த நீளத்துக்குள் நொடிக்குப் பதினோரு கிலோமீட்டர் வேகம் எடுத்தால் புவியீர்ப்பைப்போல 20,000 மடங்குக்கும் மேல் அழுத்தம். மனிதர்கள் தோசை ஆகிவிடுவார்கள்.

பீரங்கியை யாரும் விடவில்லை. 1902இல் மெலியெஸ் தன் சினிமாவில் அதே பாணியில் சந்திரனின் கண்ணில் குண்டை ஏற்றினார். பாரிஸ் டிஸ்னிலேண்டில் 1995இல் கொலம்பியாடையே சவாரியாக்கினார்கள். அப்போலோ 11இன் தாய்க்கலத்துக்குக் கொலம்பியா என்று பெயர் வைத்தபோது, கொலம்பியாடோடு ஒத்துப்போவதும் தனக்குப் பிடித்ததாக மைக்கேல் காலின்ஸ் எழுதியிருக்கிறார். காவியம், பீரங்கி, நாவல், விண்கலம் என்று ஒரே பெயர் நாலு பிறவி எடுத்திருக்கிறது.

இனி உனக்குச் சாதகமான செய்தி. சொல்லாமலே விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. 1969 ஜூலை 23 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில், நீல் ஆம்ஸ்ட்ராங் தொலைக்காட்சியில் வெர்னை நினைவுகூர்ந்தார். வெர்னின் விண்கலத்துக்குப் பெயர் கொலம்பியா என்றே அவரும் சொன்னார். உன் பிழைக்கு நல்ல துணை கிடைத்துவிட்டது. ஆனால் அவர் நிலாவுக்குப் போய்விட்டு வந்த களைப்பில் இருந்தார். நீ வீட்டில் மேசைமேல் வைத்து எழுதியிருக்கிறாய்.

ஆறாம் பக்கத்தை மாத்திரம் திருத்தி அனுப்பு. ராட்மேனுக்கு ஒரு பத்தி, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு படம். படத்தைப் பென்சிலிலேயே போடலாம்.

அன்புடன்,
உன் வாத்தியார்