புள்ளி போடும் இயந்திரமும் கேள்வி கேட்கும் மக்களும்



மறைநூலில் ‘எண்ணிக்கை’ என்றொரு ஆகமம் உண்டு. அதன் 26ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேல் மக்கள் குலம் குலமாகத் தொகையெடுக்கப்படுகிறார்கள். அந்தத் தொகைப்படியே நிலம் பங்கிடப்படும் என்றும் விதிக்கப்படுகிறது. அடுத்த அதிகாரம் தொடங்கியவுடன் செலொபுகாது என்பவரின் பெண்மக்கள் ஐவர் கூடார வாசலுக்கு வருகிறார்கள். தகப்பன் இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை, ஆதலால் அந்த வீட்டுக்குப் பங்கும் இல்லை. மோசே, “கணக்கு அப்படித்தான்” என்று அவர்களை அனுப்பிவிடவில்லை. வழக்கை ஆண்டவர் முன் கொண்டுபோனார். பெண்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாயிற்று, விதியே திருத்தப்பட்டது.

இந்தப் பகுதியை இன்று நாம் படிப்பதற்குக் காரணம் உண்டு. றக்வானப் பகுதித் தோட்டங்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள் அன்றோ? 2023 ஜூலையில் தொடங்கிய ‘அஸ்வெசும’ உதவித் திட்டத்தைத்தான் சொல்கிறேன். கல்வி, நோய், வருமானம், உடைமை, வீடு, குடும்ப அமைப்பு பற்றிய 22 குறிகாட்டிகளை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி கணக்கிடப்படுகிறது. உதவி உண்டா இல்லையா என்பதை அந்தப் புள்ளி காட்டும்.

இதைச் செயற்கை நுண்ணறிவு என்று சொல்வது மிகை. இது கூட்டல் கணக்கு, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒருபடி அப்பால் போகும்: பழைய பதிவுகளைப் படித்துத் தானே விதியை உண்டாக்கிக்கொள்ளும். ஏன் அப்படி முடிவு செய்தது என்று, செய்தவர்களுக்கே சொல்லத் தெரியாத சந்தர்ப்பங்களும் உண்டு. கூட்டல் கணக்கைக் கேள்வி கேட்கப் பழகாத நாம் நாளை அதனை எப்படிக் கேட்போம்?

குறிகாட்டிகளில் மின்சாரப் பாவனையும் ஒன்று. ஒரே மீற்றரில் இரண்டு மூன்று குடும்பம் விளக்கெரித்தால் அது யார் கணக்கில் சேரும்? கொழுந்து குறைந்த மாதத்துச் சம்பளத்தையா, நிறைந்த மாதத்துச் சம்பளத்தையா எழுதினார்கள்? சூத்திரத்துக்கு லயம் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் பார்த்துத் திருத்த இடமிருக்க வேண்டும்.

திருத்த இடமில்லாத ஊரில் என்ன நடந்தது என்பதற்கு ஒல்லாந்து நாடு சாட்சி. பிள்ளைப் பராமரிப்பு உதவி பெற்ற பெற்றோரில் ஏமாற்றுக்காரர் யார் என்று கண்டுபிடிக்க, அந்நாட்டு வரித் திணைக்களம் கணினி முறையொன்றைப் பயன்படுத்தியது. ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் அந்த முறை ஓர் அளவுகோலாக வைத்திருந்தது. குற்றமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது.

திருத்தந்தை 14ஆம் லியோ 2025 மே 10ஆம் நாள் கர்தினால்மாரிடம் பேசியபோது, இந்தப் பெயரைத் தாம் தேர்ந்ததற்குச் செயற்கை நுண்ணறிவையும் ஒரு காரணமாகச் சொன்னார். 1891இல் தொழிலாளருக்காகச் சுற்றுமடல் எழுதிய 13ஆம் லியோவை (நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்தவர்) நினைவுகூர்ந்தார். அன்று ஆலை, இன்று கணினி; நடுவில் நிற்பவர் அதே தொழிலாளிதான்.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இயந்திரம் மட்டுமே செய்த முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமை எழுதப்பட்டுள்ளது. ஆயினும் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கையிலேயே இருக்கிறது. அது குடிமக்களுக்கான சட்டம். 1948இல் நம் பாட்டன் பாட்டிமாரின் குடியுரிமை பறிபோனது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை எஞ்சியோர் காத்திருந்தார்கள். அப்படிப் பெற்ற குடியுரிமையை வாக்குச்சீட்டோடு நிறுத்திவிடலாமா?

உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் முதலில் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு பற்றி விசாரியுங்கள். அத்துடன், ‘எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன பதியப்பட்டுள்ளது, எதற்கு எத்தனை புள்ளி?’ என்று தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேளுங்கள். எழுத இயலாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தோட்டங்கள் பலவற்றில் லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து நாட்கள் போய்விடும். ஆகையால் பதில் வந்து சேரக்கூடிய முகவரியொன்றைக் கொடுங்கள். கேட்டதற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வாசலைத் தாண்ட வேண்டாம். அதைத் தருவது அவர் கடமை.