செப்பேடும் காந்த அடுக்கும்

திருவாலங்காட்டில் 1905ஆம் ஆண்டு கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடு 31 ஏடுகளை உடையது. சோழ முத்திரை பொறித்த வளையம் அவற்றைக் கோத்து நிற்கிறது. அவ்வேடுகளின் அருகே காந்தத்தைக் கொண்டு சென்றால் அவை அசையா. செம்பு ஒரு டயா காந்தப் பொருள். காந்தம் அதனை ஈர்ப்பதில்லை, மிக மெலிதாக விலக்கவே செய்கிறது.

அதே செம்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அயனியானால், இணையற்ற எலக்ட்ரான் ஒன்று அதில் எஞ்சும். அதுவே ஒரு நுண்காந்தம். செம்புக் குளோரைடையும் எத்தில் அமோனியம் குளோரைடையும் நீரில் கரைத்து, கரைசலை மெல்ல ஆவியாக விட்டால், மஞ்சள் நிறத் தகட்டுப் படிகங்கள் தோன்றும். அவற்றுள் செம்பும் குளோரினும் அமைந்த கனிமத் தளமும் எத்தில் அமோனியத்தாலான கரிமத் தளமும் ஏடுகள்போல் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும்.

ஒரே தளத்திலுள்ள செம்பு அயனிகள், குளோரைடு அயனிகளின் வழியே ஒன்றையொன்று உணர்கின்றன. ஏறத்தாழ 10 கெல்வினுக்குக் கீழே அவற்றின் நுண்காந்தங்கள் ஒருதிசை நோக்கி அணிவகுக்கும். அடுத்த கனிமத் தளமோ எதிர்த்திசை நோக்கும். ஆதலால் முழுப் படிகம் காந்தமற்றதாகவே காணப்படும். எனினும், இடையிலுள்ள கரிமத் தளம் அவற்றை விலக்கி வைப்பதால், தளங்களுக்கிடையேயான பிணைப்பு, தளத்தினுள் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. சிறிய புறக் காந்தப்புலமே எல்லாத் தளங்களையும் ஒருதிசைப்படுத்திவிடும். காந்தத்திற்கு எவ்வகையிலும் தொடர்பற்றதாகத் தோன்றும் கரிமப் பகுதிக்கு இத்துணைச் செல்வாக்கு!

இத்தகைய படிகங்களில் காந்தப்பண்பு திசைக்குத் திசை மாறும். அம்மாற்றத்தை அளக்கும் நுட்பத்தை வளர்த்தவர்களுள் ஒருவர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 1928 முதல் 1933 வரை டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது திரும்புவதைக் கொண்டே கணித்தார். பின்னாளில் அவர் ஆராய்ந்த கிராஃபைட்டும் அடுக்குப் பொருளே. அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் அதன் டயா காந்தப்பண்பு பன்மடங்கு மிகுதி.