படுக்கையில் மாமியார், பக்கத்தில் தோழி

படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் தோழியிடம், "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அவளுக்குக் கேட்க வாய் வராது. "வியாழக்கிழமை சாயங்காலம் நான் வந்து அத்தைகூட இருக்கேன், நீ கொஞ்சம் தூங்கு" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள்.

போனதும் மாத்திரை வேளையையும், கடைசியாக எப்போது புரட்டிப் படுக்கவைத்தாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க, பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கையைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு இருவராகத் தூக்கித் திருப்பினால் தோல் உரசாது. இதை ஒற்றை ஆளாகச் செய்துதான் பலருக்கு இடுப்பு போகிறது.

போனில் எப்போதும் நோயைப் பற்றியே விசாரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கதையையும் சொல்லுங்கள், பாவம், அவளுக்கும் வேறு பேச்சு வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தமிழ்நாட்டில் 2021 முதல் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கும் அலைச்சலை நீங்கள் ஏற்கலாம். முதியோர் உதவி எண்: 14567.