குடோன் சுவருக்குப் பெயின்ட்

திண்டுக்கல்லில் எங்கள் கடையின் அண்டர்கிரவுண்ட் குடோனில் பெயின்ட் அடித்தால் ஆறே மாதத்தில் உரிகிறது. என்ன செய்யலாம்? எவ்வளவு செலவாகும்?

உரிவது பெயின்டின் குற்றமல்ல, ஈரத்தின் வேலை. மண்ணை ஒட்டிய சுவர் நீரை உறிஞ்சும். அது உலரும்போது உப்பு பூத்துப் பெயின்டைத் தள்ளிவிடும்.

இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டால் குட்டு வெளிப்படும். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருடையது. வெளிப்புறம் என்றால் காற்றோட்டம் போதவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின், மாசிக்கு மேல் வேலை தொடங்குவது நல்லது. பழைய பெயின்டைச் சுரண்டி, உப்பைக் கம்பி பிரஷால் தேய்த்து, விரிசலைச் சிமென்டால் அடைக்க வேண்டும். பிறகு சிமென்ட் கலந்த வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கை, பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை.

12க்கு 10 அடி அறை, 9 அடி உயரம் என்றால் சுவர்ப்பரப்பு 396 சதுர அடி. பிரைமரும் எமல்ஷனும் கூலியோடு சதுர அடிக்கு ஏறத்தாழ 20 முதல் 30 ரூபாய் என்றால் 8,000 முதல் 12,000 ரூபாய். வாட்டர்புரூஃப் பூச்சு தனி. கை கடித்தால் சுண்ணாம்பே போதும்: விலை மலிவு, சுவரும் மூச்சுவிடும்.