காய்ச்சினால் உப்பு போகுமா?

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் கரிக்கிறது. சாயத் தண்ணீர் கலந்திருக்குமோ? காய்ச்சிக் குடித்தால் போதுமா?
– வாசகி, சேவூர்

பதில்: போதாதுங்க. காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பை அள்ளிப் போடுகிறார்கள். துணி அதை எடுத்துக்கொள்வதில்லை, முழுக்கக் கழிவுநீரில்தான் போகிறது. நொய்யல் ஆற்றில் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவுக் குட்டையானது இப்படித்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அப்பகுதிச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்படுமா?

நொய்யல் உங்களுக்குத் தெற்கே தள்ளி ஓடுகிறது. பாறைப் பூமியில் ஆழ்குழாய்த் தண்ணீர் இயல்பாகவும் கரிக்கும். ஆகவே ருசியை வைத்துப் பட்டறையைக் குற்றம் சொல்ல முடியாது, சோதிக்க வேண்டும். கையடக்க டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 என்பது இந்தியத் தர அளவு. நைட்ரேட் (வரம்பு 45 மில்லிகிராம்), குரோமியம் (0.05 மில்லிகிராம்) அந்த மீட்டரில் தெரியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முடிவு வரும்வரை ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கவே வேண்டாம்: நைட்ரேட் மிகுந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்க, கழுவ விடுங்கள்.