தும்பைச் செடி: களைவதா, வைத்திருப்பதா?

மாரி மழை பெய்ததும் மரக்கறித் தோட்ட வேலியோரங்களிலும் வயல் வரம்புகளிலும் தும்பை தானாகவே முளைக்கின்றது. இதனை எவரும் விதைப்பதில்லை. முன்னர் சிந்திய வித்துக்களே முளைக்கின்றன. இதனைக் களைவதா, விட்டுவைப்பதா என்பதைச் செடி நிற்கும் இடத்தையும் பயிரின் பருவத்தையும் நோக்கியே கமக்காரர் தீர்மானித்தல் வேண்டும்.

இனங்காணல்

தும்பை இலங்கையில் இயற்கையாக வளரும் பூண்டு. தண்டு நாற்கோணமானது. ஒடுங்கிய இலைகள் எதிரெதிராக அமையும். வெண்ணிறப் பூக்கள் கணுக்களில் உருண்டையான கொத்துக்களாகத் தோன்றும். 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட பார்த்தீனியமும் வெண்ணிறப் பூவை உடையது. எனினும் அஃது அயல்நாட்டுக் களை. அதன் இலைகள் கரட் இலைபோற் பிளவுபட்டிருக்கும். அதனை எவ்விடத்தும் விட்டுவைத்தலாகாது. பூக்குமுன் கையுறை அணிந்து வேருடன் பிடுங்கி அழித்தல் வேண்டும்.

தீமை

பாத்தியினுள் நிற்கும் தும்பை பயிருக்குரிய நீரையும் பசளையையும் கவரும். வெண்காயத்தின் ஒடுங்கிய தாள் நிலத்தை மூடிக் களையை அடக்க வல்லதன்று. ஆகையால் வெண்காயப் பாத்தியில் இதனால் விளையும் நட்டம் பெரிது. மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளிலும் இதற்கு இடமளித்தலாகாது.

நன்மை

பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறானவை. பூசணிப் பூ அதிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அவ்வேளையில் தேனீ வராவிடின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். பயிர் பூக்குமுன்னரே தேனீக்களுக்கு உணவு கிடைப்பின், அவை தோட்டத்தை நாடி வரும். தேன் நிறைந்த தும்பைப் பூ அவ்வுணவை அளிக்கின்றது. இதன் இளந்தளிர் கீரையாகவும், பூ சிவபூசைக்கும் பயன்படும்.

செய்யவேண்டியவை

1. பாத்தியிலும் நாற்றுமேடையிலும் முளைப்பவற்றைப் பூக்குமுன் களைக.

2. வேலியோரத்தில் ஒரு வரிசையை மட்டும் விட்டுவைக்க.

3. அச்செடிகளின் இலைகளின் அடிப்புறத்தை இடையிடையே சோதித்து, பூச்சி பீடித்தவற்றை அகற்றுக.

4. கொத்துக்கள் காயத் தொடங்கியதும் பெரும்பாலானவற்றை வெட்டி அகற்றுக. அடுத்த போகத்திற்குச் சில செடிகளின் வித்துக்களே போதுமானவை. வித்து முற்றிய செடிகளைக் கூட்டெருக் குழியில் இடுதலாகாது. அவ்வித்துக்கள் எருவுடன் மீண்டும் பாத்திக்கு வந்து சேரும்.

5. பூசணி பூத்திருக்கும் காலத்தில் காலைவேளையிற் பூச்சிநாசினி தெளித்தலைத் தவிர்க்க. தெளிப்பது அவசியமாயின் மாலையில் தெளிக்க. தும்பைப் பூக்களின்மீது மருந்து படாது பார்த்துக்கொள்க.

பாத்தியில் நிற்கும் தும்பை களையே. வேலியில் நிற்பது கமக்காரருக்குத் துணையாகும். அதனை அவ்வெல்லைக்குள் அடக்கி வைத்தல் அவரது கையிலேயே உள்ளது.